சிறிய கலைக் குவில்ட்டில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறியும் காரணமும் திருத்தமும்

மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என அடுக்கிச் சேர்த்துத் தைப்பது குவில்ட்; அடுக்குகளைச் சேர்க்கும் அந்தத் தையலே குவில்ட்டிங். ஒரு பக்கம் 24 அங்குலத்தை மீறாத குவில்ட்டுகளைச் சிற்றளவுக் குவில்ட் என்று வகைப்படுத்துவது பரவலான வழக்கம். பெரியதிலிருந்து இது அளவால் மட்டும் வேறுபடுவதில்லை. துண்டுகளை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக வெட்டலாம்; நூலின் தடிமனையும் துணி மடிப்பின் தடிமனையும் அதே விகிதத்தில் குறைக்க முடியாது. கீழே வரும் கோளாறுகளில் பல இந்தப் பொருந்தாமையிலிருந்தே கிளைக்கின்றன. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: குறை கண்ணில் படுகிற கட்டத்தில் அது பிறந்திருப்பது அரிது. ஓரத்தில் தெரிகிற அலை குவில்ட்டிங்கின்போது உண்டானதாக இருக்கும். குவில்ட்டிங்கில் தெரிகிற புடைப்பு துண்டுகளை இணைத்தபோது உண்டானதாக இருக்கும். எனவே தையல் பிரிப்பானைக் கையில் எடுக்கும் முன், ஒரு படி பின்னால் சென்று பார்ப்பதே இங்கே முறையாகக் கொள்ளப்படுகிறது.

தைத்த கட்டம் குறித்த அளவைவிடச் சிறிதாக வருகிறது

2 அங்குலக் கட்டம் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) ஒன்றில் கால் அங்குலத் துண்டுகள் எட்டு வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். அவற்றுக்கிடையே 7 தையல் வரிகள் இருக்கும். ஊசி கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறங்கினால், ஒவ்வொரு வரியிலும் இருபுறத்துத் துண்டுகளும் தலா அரை மில்லிமீட்டர் இழக்கின்றன. வரிக்கு 1 மி.மீ. என்றால் கட்டத்துக்கு 7 மி.மீ. போய்விடுகிறது. ஒரு துண்டின் முழு அகலமே ஏறக்குறைய 6.4 மி.மீ.தான் என்பதால், ஒரு துண்டே காணாமல் போனதற்கு இது சமம். மூன்று துண்டுகள் மட்டும் கொண்ட 12 அங்குலக் கட்டத்தில் இதே பிழை 2 மி.மீ.யோடு முடிந்துவிடும், அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. பெரிய குவில்ட்டுகளை நன்றாகத் தைப்பவர்களுக்கும் சிறியதில் கணக்கு உதைப்பதற்குக் காரணம் இதுதான்.

பிழை எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு சோதனை போதும். 1 அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, கால் அங்குலத் தையல் ஓரம் விட்டுப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். அது அரை அங்குலம் இருந்தால் தையலில் குறையில்லை, வெட்டியதில்தான் குறை. அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், பட்டைகளைத் திருப்பிப் போட்டு, வெட்டு விளிம்பிலிருந்து தையல் வரைக்குமான ஓரத்தை அளக்க வேண்டும். ஓரமே கால் அங்குலத்தைத் தாண்டியிருந்தால் துணியைத் தவறான இடத்தில் வைத்து ஓட்டியிருக்கிறோம். இயந்திரத் தகட்டில் பொறித்த கோட்டை நம்புவதைவிட, அளவுகோலை ஊசிக்கு அடியில் வைத்துக் கால் அங்குலத்தைக் குறித்து, அங்கே அட்டைத் துண்டை ஒட்டி ஒரு தடுப்பு அமைத்துக்கொள்வது நல்லது. ஓரம் சரியாகக் கால் அங்குலமே இருந்தும் நடுப்பட்டை குறுகியிருந்தால், மிச்சத்தை விழுங்கியது நூலும் மடிப்பும்தான். அப்போது ஊசியை ஒரு புள்ளி வலப்புறம் நகர்த்தி, தையல் ஓரத்தைக் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாக்க வேண்டும். நூலையும் மாற்ற வேண்டும்: எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதால், வழக்கமான 50 எண்ணுக்குப் பதில் 60 அல்லது 80 எண்ணும், அதற்கு ஏற்ப 70/10 அல்லது 60/8 ஊசியும் பொருந்தும். தையலின் நீளம் 2.5 மி.மீ.யிலிருந்து 1.8 மி.மீ.க்கு இறங்கட்டும், கால் அங்குலத் துண்டில் 2.5 மி.மீ. தையல் இரண்டு மூன்றுதான் விழும், அவை விளிம்பில் அவிழ்ந்துவிடும்.

இஸ்திரியிலும் ஒரு திருட்டு நடக்கிறது. தையலைப் பிரித்து விரிக்கும்போது மடிப்பு முழுதாகத் திறக்காமல் சிறு சுருக்கமாக நின்றுவிட்டால், அதுவும் அளவைத் தின்றுவிடும். முதலில் தைத்த நிலையிலேயே, மடிப்பைத் திறக்காமல், ஒருமுறை அழுத்த வேண்டும். பிறகு முன்பக்கத்திலிருந்து நகத்தாலோ மரச் சீவலாலோ மடிப்பை நீவித் திறந்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும்.

கட்டங்கள் எல்லாம் தைத்து முடிந்த பிறகே குறை தெரிந்தால், அவை ஒரே அளவில் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே 3 மி.மீ. குறைவு என்றால் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கட்டங்களைச் சுற்றி வரும் சுற்றுப்பட்டையின் அளவைத் திருத்திக்கொண்டால் போதும். ஒன்றுக்கொன்று வேறுபட்டால்தான் பிரித்துத் தைக்கும் வேலை வரும். அடுத்த முறை, குறிப்பாக முக்கோணங்கள் உள்ள கட்டங்களில், வேண்டியதைவிடப் பெரிதாகத் தைத்துவிட்டுப் பிறகு அளவுக்கு வெட்டுவதே என் கருத்தில் நேர்வழி. அளவாக வெட்டி அளவாகத் தைக்க முயல்வது பொறுமையைச் சோதிக்குமே தவிர வேறு பலன் தராது.

தையல்கள் கூடும் இடம் தடித்து நிற்கிறது

கால் அங்குலத் துண்டுக்கு இருபுறமும் கால் அங்குல ஓரம் விட்டால், அதன் பின்புறம் முழுவதும் துணிக்கு மேல் துணியாக அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு மெல்லிய பஞ்சு விரிப்பை வைத்தாலும் அந்த மேடு மறையாது. கால் அங்குலத்தில் தைத்துவிட்டு, தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, ஓரத்தை அரைக்கால் அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 3 மி.மீ.க்கு, வெட்டிக் குறைக்க வேண்டும். முதலிலேயே அரைக்கால் அங்குலம் விட்டுத் தைப்பதும் உண்டு. ஆனால் இயந்திரத்தின் பற்கள் பற்றிக்கொள்ளப் போதுமான துணி இல்லாமல் தையல் வழுக்கும். ஓரத்தை 3 மி.மீ.க்கும் கீழே குறைத்தால், நெசவு தளர்ந்த துணியில் நூல் பிரிந்து, தையல் வாய் திறந்துவிடும்.

நான்கு துண்டுகள் கூடும் மையத்துக்குத் தனிக் கவனம் தேவை. எதிரெதிர் வரிசைகளின் ஓரங்களை எதிரெதிர்த் திசையில் சாய்த்திருந்தால், இரண்டாவது தையலுக்கு அடுக்கும்போது அவை ஒன்றையொன்று முட்டி நின்று மையம் தானே பொருந்தும். தைத்து முடித்ததும் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: கடைசித் தையல் வரிக்கு மேலே, ஓரத்துக்குள் மட்டும், முந்தைய தையலின் இரண்டு மூன்று தையல்கள் சும்மா நின்றுகொண்டிருக்கும். இருபுறமும் அவற்றை ஊசி முனையால் அவிழ்த்துவிட்டு, நான்கு ஓரங்களையும் ஒரே சுழற்சித் திசையில் சாய்த்து அழுத்தினால், மையத்தில் நகக்கண் அளவில் நான்கு சதுரங்கள் விரிந்து தட்டையாகும். ஒரே இடத்தில் குவிந்த தடிமன் நான்கு திசைக்கும் பிரிந்துபோகிறது. எட்டு முனைகள் கூடும் நட்சத்திரத்தில் இந்த உபாயம் மட்டும் போதாது. அங்கே ஓரங்களைப் பிரித்து விரித்து இருபுறமும் சாய்ப்பதே நல்லது, அந்தப் பள்ளத்தின் மேல் குவில்ட்டிங் தையல் ஓட்டாமல் விடுவதும் நல்லது.

தாளின் மேல் தைத்ததில் முனைகள் வெட்டுப்படுகின்றன, தாளைக் கிழித்தால் தையல் அவிழ்கிறது

துணியைத் தாளுக்கு அடியில் வைத்து, தாளில் அச்சிட்ட கோட்டின் மேலேயே தைப்பது, சிறிய துண்டுகளுக்குத் துல்லியம் தரும் முறைகளில் முதன்மையானது. அதிலும் முனை வெட்டுப்பட்டால் முதலில் தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் அமைப்பு அச்சுப்பொறியில் இயங்கியிருந்தால் வடிவம் முழுதும் சில விழுக்காடு குறைந்திருக்கும். ஒவ்வொரு தாளிலும் 1 அங்குலச் சதுரம் ஒன்றைச் சேர்த்து அச்சிட்டு அளந்து பார்ப்பது பாதுகாப்பு. வடிவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வரும் என்பதையும் மறக்கலாகாது. எழுத்தும் முகமும் உள்ள படங்களில் இது பெரிய தொல்லை.

தையல் அவிழ்வதற்குக் காரணம் அதன் நீளம். 1.5 மி.மீ. வைத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 17 துளைகள் விழுந்து, தாள் அஞ்சல்தலை கிழிவதுபோல் தானாகப் பிரியும். அதற்கும் மிகக் குறைத்தால் பிரிக்க நேரும்போது துணியே கிழியும். கிழிக்கும் முன் தையல் கோட்டில் தாளை மடித்துக்கொள்ளுங்கள். தையலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளை மட்டும் இழுங்கள். அச்சு மை துணியில் படிந்தால் ஆவியை நிறுத்திவிட்டு உலர் சூட்டில், தாளின் அச்சுப்பக்கம் படாமல் அழுத்த வேண்டும்.

துணியின் முனையை இயந்திரம் உள்ளே இழுத்துவிடுகிறது

அகலத் துளையுள்ள ஊசித் தகட்டுக்குப் பதில் ஒற்றைத் துளைத் தகட்டை மாட்டினால் பெரும்பாலும் தீரும். அந்தத் தகடு இருக்கும்போது ஊசி இடவலமாக நகரும் ஜிக்ஜாக் தையலைத் தேர்ந்தெடுத்தால் ஊசி முறியும் என்பது மட்டுமே எச்சரிக்கை. தகடு கிடைக்காதபோது, கழிவுத் துணி ஒன்றில் தைக்கத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே துண்டுக்குள் நுழைவது எளிய மாற்று.

குவில்ட் தட்டையாகப் படுக்காமல் ஓரம் அலைபாய்கிறது, அல்லது நடு உப்புகிறது

தையல் விழும் இடமெல்லாம் துணி சற்றே சுருங்குகிறது. நடுவில் நெருக்கமாகத் தைத்து ஓரத்தை வெறுமையாக விட்டால், நடு சுருங்கி ஓரம் மிஞ்சி அலையாகிறது. ஓரத்தில் நெருக்கமும் நடுவில் வெறுமையும் இருந்தால் நடு உப்புகிறது. ஆகவே அலை தெரிந்ததும் ஓரத்தை வெட்டிச் சரிசெய்ய முயலாமல், எங்கே தையல் குறைவோ அங்கே கூட்டிப் பார்க்க வேண்டும். நூலால் வண்ணம் தீட்டுவதுபோல் அடர்த்தியாகத் தைக்கும் பரிசோதனைகளில் இந்தச் சுருக்கம் மிகக் கூடுதலாக இருக்கும். அவற்றில் துணிக்கு அடியில் விறைப்பான தாங்கு துணி வைத்து, அந்த உருவத்தைத் தனியே தைத்து முடித்து, பிறகு வெட்டிப் பின்னணியில் பதிப்பதே பொருத்தம். பின்னணியோடு சேர்த்தே தைக்க விரும்பினால், நான்கு புறமும் 1 அங்குலம் மிகையாக வைத்துக்கொண்டு, குவில்ட்டிங் முடிந்த பிறகே இறுதி அளவுக்கு வெட்ட வேண்டும்.

சுற்றுப்பட்டை குறுக்குவெட்டாக, அதாவது துணியின் மூலைவாக்கில், அமைந்திருப்பதும் இன்னொரு காரணம். பாவு நூலின் திசையில் துணி மிகக் குறைவாகவும், ஊடைத் திசையில் சற்றும், குறுக்கே மிகுதியாகவும் இழுபடும். எனவே வெளிவிளிம்பில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுவது பயன் தரும். வெட்டுமுன் துணிக்குக் கஞ்சி போட்டு உலர்த்தினால் குறுக்கு விளிம்பும் அடங்கும். வெட்டிய பிறகு கஞ்சி தெளிப்பது துணியைச் சுருக்கி அளவைக் கெடுக்கும்.

ஏற்கெனவே அலை விழுந்த குவில்ட்டை நனைத்துச் சரிசெய்யலாம், சாயம் கசியாது என்று உறுதிசெய்துகொண்ட பிறகு. குண்டூசி இறங்கும் பலகையில் அதை ஈரமாக விரித்து, அளவுகோலால் சதுரம் பார்த்து, முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் பிறகு மூலைகளை நோக்கியும், ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில் குண்டூசி குத்தி, முற்றிலும் காயும்வரை விட்டுவிட வேண்டும். அரை ஈரத்தில் எடுத்தால் அலை திரும்பி வரும்.

அடிநூல் மேலே புள்ளியாகத் தெரிகிறது, அல்லது அடியில் நூல் குவிகிறது

குவில்ட் சிறிதாக இருக்கும்போது பார்ப்பவரின் கண் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடும். பெரியதில் யாரும் பொருட்படுத்தாத புள்ளி இங்கே பளிச்சென்று தெரியும். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் தொடும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல்நூலை முழுதாகக் கழற்றி மறுபடி கோத்தல். ஃபுட் இறங்கியிருக்கும்போது டென்ஷன் வட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கிடையே போகாமல் மேலோடு நின்றுவிடும். அடியில் நூல் பந்தாகக் குவிந்தால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறைசொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றம் மேலேதான் இருக்கும். மேல்நூலை யாரும் பிடித்து நிறுத்தாததால் அது அடியில் தொங்குகிறது.

மறுபடி கோத்தும், புது ஊசி மாற்றியும், அடிநூல் மேலே தெரிந்தால் மேல் டென்ஷனை அரை எண் குறையுங்கள். மேல்நூல் அடியில் தெரிந்தால் அரை எண் கூட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் அதே மேல்துணி, அதே பஞ்சு விரிப்பு, அதே அடித்துணி கொண்ட சோதனைத் துண்டில் பார்க்க வேண்டும். மெல்லிய விரிப்பில் முடிச்சு ஒளிந்துகொள்ள இடமே இல்லாததால், சிறிய குவில்ட்டில் எவ்வளவு திருத்தினாலும் ஓரிரு புள்ளி தெரியும் சூழல் உண்டு. அதற்கு நான் கைக்கொள்ளும் வழி திருகுவதை நிறுத்திவிட்டு, மேலும் கீழும் ஒரே நிறத்தில் மெல்லிய நூல் போடுவது.

நேர்கோட்டில் ஒழுங்காக விழுந்த தையல், வளைவில் மட்டும் அடிப்புறத்தில் இமைமயிர்போல் சாய்ந்து நின்றால், அது டென்ஷன் கோளாறு அல்ல. பற்களை இறக்கிவிட்டுக் கையால் துணியை நகர்த்தும்போது, வளைவில் கை ஊசியைவிட வேகமாகச் செல்கிறது. அடிநூல் நேராக விறைத்துக் கிடக்க, மேல்நூல் வளைவின் உட்புறமாக இழுபடுகிறது. இயந்திரத்தைச் சற்று விரைவாகவும் கையைச் சற்று மெதுவாகவும் ஓட்டினால் சரியாகும். தொடக்கத்தில் மட்டும் சிக்கு விழுந்தால், அடிநூலை மேலே இழுத்தெடுத்து இரண்டு நூல்களையும் முதல் சில தையல்கள்வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜரிகை போன்ற உலோக நூல் அறுந்துகொண்டே இருந்தால், நூலைவிட ஊசிக்கண்ணே காரணமாக இருக்கும். இங்கே மட்டும் மெல்லிய ஊசி என்ற விதியைத் தளர்த்தி, நீண்ட கண்ணுள்ள 90/14 ஊசியைப் போட்டு, மேல் டென்ஷனைத் தளர்த்தி, வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய ஊசியின் துளை தெரியும் என்று அஞ்சுபவர்கள் உலோக நூலைப் பாபினில் சுற்றி, குவில்ட்டைக் கவிழ்த்துப்போட்டு அடிப்புறத்திலிருந்து தைக்கலாம்.

குவில்ட் அட்டைபோல் விறைக்கிறது

அளவு சுருங்கியும் தையலின் அடர்த்தியும் பஞ்சின் தடிமனும் சுருங்காவிட்டால் விறைப்பு வரும். 1:12 விகிதத்தில் பொம்மை வீட்டுக் கட்டிலுக்குத் தைக்கும்போது 72 × 84 அங்குலப் போர்வை 6 × 7 அங்குலமாகிறது. அந்த அளவில் 3 மி.மீ. தையல் ஒன்று, முழு அளவில் 36 மி.மீ. தையலுக்கு ஒப்பாகிவிடும். பஞ்சு விரிப்புக்குப் பதில் மெல்லிய ஃபிளானல் ஓர் அடுக்கு, அல்லது நடுஅடுக்கே இல்லாமல் இரண்டு மல் துணிகள், அதிலும் குவில்ட்டிங் மிகக் குறைவாக என்று அமைத்தால்தான் கட்டிலின் விளிம்பில் அது மடிந்து விழும். சுவரில் மாட்டும் கலைக் குவில்ட்டுக்கு இந்தக் கவலை வேண்டாம். அதற்கு விறைப்பு நன்மையே.

சூட்டில் ஒட்டும் பசைத்தாளால் பதித்த உருவங்களில் விறைப்பு வந்தால், உருவத்தின் நடுப்பகுதியில் பசைத்தாளை வெட்டி நீக்கிவிட்டு, விளிம்பை ஒட்டி 5 மி.மீ. அகலத்துக்கு மட்டும் வைத்து ஒட்டலாம். அரை அங்குலத்துக்கும் சிறிய உருவங்களில் இதற்கு இடமில்லை. ஒட்டிய விளிம்பு உரிந்தால், துணியிலுள்ள ஆலைக் கஞ்சியோ மென்மையூட்டியோ பசையைத் தடுத்திருக்கலாம். துவைத்து உலர்த்திய துணியில் மறுபடி முயலுங்கள். உறையில் குறித்ததைவிட நெடுநேரம் சூடு கொடுத்தாலும் பசை வலுவிழக்கும். பிசிறு விழுவதைத் தவிர்க்க, பசையை ஒட்டிய பிறகே உருவத்தை வெட்ட வேண்டும், அதுவும் அடர்ந்த நெசவுள்ள துணியில்.

சற்றுத் தள்ளி நின்றால் வடிவமே தெரியவில்லை

இது தையலின் குறை அல்ல. நிறங்கள் வேறானாலும் அவற்றின் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் சிறிய துண்டுகள் கலங்கலாகத் தோன்றும். கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்த்தால் எந்தத் துண்டுகள் கரைந்துபோகின்றன என்று தெரிந்துவிடும். பெரிய பூவச்சுத் துணியும் இதே குழப்பத்தைத் தரும். 2 அங்குலப் பூவிலிருந்து அரை அங்குலத் துண்டு வெட்டினால் கிடைப்பது பூவல்ல, ஏதோ ஒரு நிறத்திட்டு. சில சமயம் அந்தத் திட்டுதான் வேண்டியதாக இருக்கும். வெட்டுமுன் அட்டையில் அரை அங்குலச் சாளரம் வெட்டித் துணியின் மேல் நகர்த்திப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

துணியின் மேல் பஞ்சிழை, கோட்டுக் கறை, சாயக் கசிவு

கருநிறத் துணியில் வெள்ளைப் பஞ்சிழை எட்டிப்பார்த்தால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க இன்னும் வரும். மேற்பரப்போடு வெட்டிவிட்டு, அடுத்ததில் கருநிற விரிப்பைப் பயன்படுத்துங்கள். நீரில் அழியும் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடக்கூடும். முதலில் குளிர்ந்த நீர், பிறகுதான் சூடு. சூட்டில் மறையும் பேனாவின் கோடு, உறைநிலைக்குக் கீழான குளிரில் மீண்டும் தோன்றும் என்பதால், கண்காட்சிக்கு அனுப்பும் படைப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது. சாயம் கசிந்தால் காயவிடாதீர்கள். நிறைந்த நீரில் முழுதும் அமிழ்த்தி, சாயம் வருவது நிற்கும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓரப்பட்டி தடிக்கிறது, மூலை உருண்டுவிடுகிறது

குவில்ட்டின் விளிம்பை மூடித் தைப்பது ஓரப்பட்டி. பெரிய குவில்ட்டுக்கு வழக்கமான இரட்டை மடிப்பு ஓரப்பட்டி இங்கே பொருந்தாது. ஒற்றை மடிப்புப் பட்டிக்கு, வெளியே தெரிய வேண்டிய அகலத்தின் நான்கு மடங்கும் தடிமனுக்காகச் சிறிதும் போதும்: அரைக்கால் அங்குலம் தெரிய வேண்டுமானால் 5/8 அங்குலப் பட்டி. மூலை உருள்வதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: தையல் ஓரம் அரைக்கால் அங்குலமாக இருக்க, பழக்கத்தால் மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்திவிடுகிறோம். எந்த அகலத்தில் தைக்கிறோமோ அதே அகலம் மிஞ்சும்போது நிறுத்தி, பட்டியை 45 பாகையில் மடித்துத் திருப்ப வேண்டும். பட்டியின் இணைப்பும் 45 பாகைச் சாய்வில் இருக்கட்டும், மூலையிலிருந்து விலகியே இருக்கட்டும்.

ஓரப்பட்டியே படைப்பின் சட்டமாகிப் படத்தை அடைத்துவிடுகிறது என்று தோன்றினால், பட்டியை முழுதாகப் பின்புறம் மடித்து மறைத்துத் தைக்கலாம். கலைக் குவில்ட்டுகளில் இதுவே எனக்கு உவப்பானது. சுவரில் மாட்டியதும் மூலைகள் முன்னோக்கிச் சுருண்டால், பின்புறத்து மேல் மூலைகள் இரண்டிலும் முக்கோணத் துணியை மடித்துத் தைத்து, அவற்றுக்குள் குவில்ட்டின் அகலத்துக்குச் சற்றே குறைவான மெல்லிய மரக்குச்சியைச் செருகலாம். கீழ் மூலைகளும் சுருண்டால் அங்கும் அதையே செய்யலாம்.